சொறிமீன் கொட்டியதை மறைத்தவர்கள்

அன்பு மகள் சத்சுகிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எப்போதும் கடிதத்தைத் தொடங்குவேன், இந்த முறை அந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. நம் ஊர் கட்சுரெனில் மழைக்காலம் முடிந்து வெயில் கொளுத்துகிறது, பாகற்காய் காய்த்துத் தள்ளுகிறது, பக்கத்து வீட்டு கியோ அக்காவுக்குக் கொடுத்தும் தீரவில்லை. நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுத முடியவில்லை.

போன வாரம் மொசுகுக் கடற்பாசி வளர்க்கிற வலைகளைக் கழற்றக் கடலுக்குப் போனார். நீ வாங்கி அனுப்பிய, உடம்பை மூடுகிற முழு உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வாசல்வரை போய்ச் சொன்னேன், புழுங்குகிறதாம், அரைக்கால் சட்டையோடு இறங்கிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் கொடிய விஷமுள்ள ஹாபு சொறிமீனின் இழைகள் தொடையைச் சுற்றிக்கொண்டன. கூடப் போன கியோ அக்காவின் வீட்டுக்காரர்தான் படகில் இழுத்துப் போட்டு, வினிகரை ஊற்றி, தேய்க்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டே கரை சேர்த்தார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது தொடை முழுக்கச் சாட்டையால் அடித்த மாதிரி வரிவரியாக இருந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், வீக்கமும் வடிந்துவிட்டது, பயப்படாதே.

என் வயிற்றெரிச்சல் வேறு. வலியில் புலம்பிக்கொண்டே, "சத்சுகிக்கும் இப்படித்தானே எரிஞ்சிருக்கும், பாவம் புள்ள, தனியா கிடந்தா" என்றார். எப்போது என்று கேட்டதும் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. பிப்ரவரியில் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி, இஞ்சி போட்டுக் கஞ்சி குடி என்று நான் போனில் சொல்லிக்கொண்டிருந்தேனே, அப்போது நீ ஆஸ்திரேலியாவில் சொறிமீன் கொட்டித் தீவிர சிகிச்சையில் கிடந்திருக்கிறாய், அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். கஞ்சியாம், இஞ்சியாம், நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டியதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு நின்றாரா, தனக்குக் கொட்டியதை உன்னிடம் சொல்லக் கூடாது, வேலையில் உனக்குக் கவனம் சிதறும் என்று எனக்கே உத்தரவு போடுகிறார். அப்பாவும் மகளும் ஒரே அச்சு, நடுவில் நான் எதற்கு?

ஆராய்ச்சிக்குச் சொறிமீனிலிருந்து விஷம் எடுக்கிற வேலை வேண்டாமென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே பக்கத்தில் நாஹா நகரத்தில் பாடம் சொல்லித்தரும் வேலை வந்தபோது அதை விட்டுவிட்டுப் போனாய், அழுதுகொண்டேதான் உன் பெட்டியை அடுக்கினேன், ஆனாலும் அடுக்கினேன். ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தால் அது என் பாடு. என்னை நிம்மதியாகத் தூங்க வைக்கிறேன் என்று பொய் சொல்லாதே.

இதை எழுதும்போது அப்பா எட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதிவிட்டாயா என்றார். ஆமாம், ஒன்று விடாமல் என்றேன். கத்துவார் என்று பார்த்தால், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அப்ப தொடையில இருக்கிற வரி ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு அளந்து எழுது, அவ ஆராய்ச்சிக்கு ஆகும்" என்றார். என்ன செய்ய, தையல் நாடாவை எடுத்து வந்து அளந்தேன். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், படம் அவரே போட்டார்.

முன்னோர் மாடத்தில் தினமும் உன் பேரைச் சொல்லித்தான் ஊதுபத்தி ஏற்றுகிறேன், அவர்கள் உன்னைக் காக்கட்டும். உடுப்பில் கிழிசல் இருந்தால் தண்ணீரில் இறங்காதே. இனி எது கொட்டினாலும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

கோபம் தீராத உன் அம்மா,
தோமிகோ