டாக்டரிடம் சொல்லாத நாலு பஜ்ஜி

இன்று காலை அடி அண்ணாமலைக்குச் சவாரி போனேன். நாம் இருவரும் கடைசியாக நின்ற அந்தக் கடையில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் இருந்தவர், "என்னாச்சுங்க, தலை சுத்துதா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல?

அன்றைக்குப் பௌர்ணமி. உன் மகளுக்கு வரன் அமைய வேண்டுமென்று நீயும் உன் மனைவியும் விரதம். அவளை வீட்டில் விட்டுவிட்டு நாம் இருவரும் மத்தியானமே கிரிவலம் கிளம்பினோம். இந்தக் கடையைப் பார்த்ததும் உன் கால் நின்றுவிட்டது. நாலு பஜ்ஜியைச் சுடச்சுட உள்ளே தள்ளினாய். "சாமி கோச்சிக்காதுடா, அவதான் கோச்சிப்பா. வாயத் தொறந்துடாத" என்று சிரித்தாய். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தாய். "உள்ள எதுவோ கிழியுதுடா."

கிழிந்துதான் இருந்தது, நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய். ஸ்கேன் பார்த்ததும் ஆம்புலன்ஸில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஓட்டமாக வந்தார். "கடைசியா எப்ப சாப்ட்டாரு?"

"விரதங்க டாக்டர். காலையிலேருந்து பச்சத் தண்ணி கூட பல்லுல படல" என்றாள், தகவல் கேட்டு ஓடி வந்திருந்த உன் மனைவி.

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது. பிறகுதான் புத்தி வந்து கதவைத் தட்டினேன். "மூச்சுக்கு டியூப் போட்டாச்சு, போங்க" என்றார் நர்ஸ்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஐசியூவில் ஆறு நாள், மெஷின்தான் உனக்காக மூச்சுவிட்டது. நுரையீரலில் சளி கட்டியது, பிறகு கிட்னியும் போனது. கண்ணாடிக்கு வெளியே நின்று, எழுந்திரிடா, எழுந்திரிடா என்று கெஞ்சினேன். நீ எழவில்லை.

எல்லாம் முடிந்தபின் டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "அவசர கேஸ்ல யார் என்ன சொன்னாலும் வயிறு நெறஞ்சிருக்குன்னு வெச்சிக்கிட்டு, அது நுரையீரலுக்குள்ள போயிடாத மாதிரிதான் டியூப் போடுவோம். உங்களால இல்லங்க" என்றார்.

"அப்ப அந்தச் சளி?"

"பல காரணம் இருக்கலாம்."

இருக்கலாமாம்! இதைக் கேட்டுவிட்டு மனுஷன் எப்படித் தூங்குவது?

போன வாரம் உன் மகளுக்கு நிச்சயம் நடந்தது. உன் மனைவி என் எதிரில் வந்து நின்று, "அவரு விரதம் கெடாம போனாருண்ணா. அதான் பலிச்சிடுச்சு" என்று அழுதாள். நான் தலையாட்டினேன். சொன்னால் அவள் செத்துப்போவாள். சொல்லாமல் நான் செத்துக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்காதே என்றாயே, பாவி, இன்னும் எத்தனை நாளைக்குடா?