துபாய் ஷேக்குக்கு என் பதில்

1904 பிப்ரவரி 3, புதன்
கடும் பனி. அல்சூர் ஏரியே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன்.

பாரசீகக் கரையில் துணிக்கடைக் குமாஸ்தாவாக இருக்கும் என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம். ஈஸ்டருக்கு வரவில்லையாம். அங்கே சுங்கம் தாளாமல், முதலாளி கடையை அக்கரை துபாய்க்கு மாற்றிவிட்டார். துபாய் ஷேக் சுங்கமே வேண்டாம் என்று எடுத்துவிட்டாராம். வியாபாரிகள் கூட்டம் கூட்டமாகக் குடியேறுகிறார்களாம்.

நல்ல ஷேக்! இரண்டு வருஷமாகப் புருஷன் முகம் பார்க்கவில்லை நான். நாசமாய்ப் போக. இரண்டாம் தாளைப் படிக்காமலே மடித்து வைத்தேன்.

4, வியாழன்
வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய், மாமியாருக்குத் தைலம்.

மாமியார்: "அந்த மொதலாளி மகராசனுக்கு ஊர்ல வேற குமாஸ்தாவே கெடைக்கலியாடி?"

மாலையில் இரண்டாம் தாள். முதலாளியோடு ஷேக்கைப் பார்க்கப் போனாராம். அங்கே காப்பி போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டுமாம். இவருக்குத் தெரியாது. பெரிய மனிதர் வீட்டில் மறுக்கலாமா என்று ஊற்ற ஊற்றக் குடித்திருக்கிறார். ஒன்பது கோப்பை! ஷேக் விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்தாராம். "பெண்சாதியை விட்டு இரண்டு வருஷமா? வீடு கட்ட மனை தருகிறேன், கூட்டி வா."

இவர், "அவளைக் கேட்க வேண்டும்" என்றாராம். முதலாளி முறைத்தாராம். ஷேக் மட்டும், "கேள். பதில் வரும்வரை மனையை வேறு யாருக்கும் தரமாட்டேன்" என்றாராம்.

மூன்று தடவை படித்தேன்.

6, சனி
ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பிளாக்பள்ளி கறிக்கடை பாய்: "பிக்கர் பண்ணாதீங்க, கவலையே வேணாம் டீச்சரம்மா, கெளம்புங்க!" பங்குச் சாமியார்: "அங்கே கோயில் இல்லையே, மகளே." மாமனார்: "பொம்பளைய என்ன கேக்கறது? அவ வரமாட்டான்னு திங்கக்கிழமை நானே எழுதிடறேன்."

பயம்: கடல். பாஷை. பூசை இல்லாத ஞாயிறு.

7, ஞாயிறு
பூசையில் மனம் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை. வேலைக்குக்கூட மாமனார் சம்மதம்தான். ஒரு துறைமுகத்தையே எழுப்பிக்கொண்டிருக்கிற அரசர், குமாஸ்தா பெண்சாதி வாயிலிருந்து வரும் சொல்லுக்காக மனையைக் காலியாக வைத்திருக்கிறார். நினைத்தால் அழுகை வருகிறது. அவரைப் போய்த் திட்டினேனே.

8, திங்கள்
நல்ல வெயில். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமனார் காகிதமும் மைக்கூடுமாக உட்கார்ந்திருந்தார்.

"நானே எழுதிட்டேன் மாமா."

"என்னன்னு?"

"வர்றேன்னு."

தபாலில் போட்டுவிட்டுத்தான் சொன்னேன்.