பாஸ்போர்ட் இல்லாமல் பஹ்ரைன் போனவள்

ராஜபாளையம்
17.11.1988

அன்புள்ள அத்தானுக்கு,

பரிபூரணம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பாப்பாவும் சுகம். உங்கள் சுகத்தை அப்புறம் விசாரிக்கிறேன், முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. இன்று காலை ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. மாவு ஆட்டிக்கொண்டிருந்த கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் அதைத் தொட்டேன். உள்ளே பிள்ளைகள் என்று போட்டிருக்கும் இடத்தில் எஸ்தர் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருக்கிறது. என் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் தேடிப் பார்த்தேன். சந்தோஷத்தில் இன்னும் சாப்பிடவில்லை.

இரண்டு மாதமாக ஏன் ஒழுங்காகக் கடிதம் இல்லை என்று கோபமாக இருப்பீர்கள். வருடக் கடைசிக்குள் நாங்கள் வந்து இறங்காவிட்டால் குடும்ப விசா செல்லாது, கம்பெனி இன்னொரு தடவை எடுத்துத் தராது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு இங்கே நடந்த கூத்தை எழுதி உங்கள் தூக்கத்தையும் கெடுக்க மனம் வரவில்லை. இப்போது தைரியமாக எழுதலாம்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத் தெருவில் சொல்லி வைக்கத்தான் புத்தி இல்லாமல் போயிற்று. நான் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நேரத்தில் போலீஸ்காரர் வந்திருக்கிறார். மில் ஸ்டிரைக் சமயத்தில் உங்களைத் தேடி வந்தபோது, அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று தெருவே ஒரே குரலில் சொன்னது ஞாபகம் இருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. காக்கிச் சட்டை வந்து யார் பெயரைக் கேட்டாலும் அந்த ஆள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அக்கா அதிலும் ஒரு படி மேலே போய், “அவளா? அவ புருசன் பஹ்ரைன்ல இருந்து டிக்கெட் அனுப்பி, பிள்ளையத் தூக்கிட்டு பிளேன் ஏறிப் போயி மாசம் ரெண்டாச்சே” என்று சொல்லியிருக்கிறாள். எதிர் வீட்டுச் சங்கிலிப்பாண்டி அண்ணன், தானே மதுரை வரைக்கும் போய் வழியனுப்பி வைத்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சேலையை அக்கா தன்னுடையது என்று சொன்னாளாம்.

நான் வந்ததும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டு, “ஏட்டி, உன்னயத் தேடி போலீஸ் வந்துச்சு. சொல்ல வேண்டியதச் சொல்லி அனுப்பிட்டேன், பயப்படாத” என்று பெருமையாகச் சொன்னாள். பிள்ளையை இறக்கிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதற்குள் ரிப்போர்ட் போய்விட்டது. அக்காவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பிறகு திருச்சி பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. நீ எந்தப் பாஸ்போர்ட்டில் வெளிநாடு போனாய், எப்போது திரும்பி வந்தாய் என்று கேட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட் கேட்டு எழுதியவள் ஏற்கெனவே பஹ்ரைனில் இருந்தால் வேறு என்னதான் கேட்பார்கள்.

நான் எங்கேயும் போகவில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எழுதி அனுப்பச் சொன்னார் வக்கீல் ராஜரத்தினம். சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் போதும் என்றார். மில் லீவு நாள் என்பதால் பாதித் தெரு பஸ் ஏறி வந்துவிட்டது. அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச் சேலையில் வந்தாள். வக்கீல் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “இவ எங்கயும் போகல சார். நாந்தான் பொய் சொன்னேன், அப்படியே எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, “நீ போகக் கூடாதுன்னு நெனச்சு அப்படிச் சொன்னேன்னு நெனச்சுராத” என்றாள். நான் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் பாப்பா பிறந்த நாளிலிருந்து அவளைக் குளிப்பாட்டுவது அக்காதான். வீடு வந்து சேரும் வரை அவள் கையை நான் விடவில்லை.

மறுபடி விசாரணைக்கு வந்த போலீஸ்காரரைத் தெருவே சுற்றிக்கொண்டது. ஒருவர் காபி கொடுக்கிறார், ஒருவர் என் ரேஷன் கார்டைத் தூக்கிக் காட்டுகிறார். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசியதில் அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இன்று வந்த தபால்காரர் புது ஆள். அவரும் காக்கிதானே. என் பெயரைக் கேட்டதுதான் தாமதம், அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, “இவதான் பரிபூரணம், நல்லாப் பாத்துக்கோங்க” என்று என் முன்னால் நிறுத்தினாள்.

பாஸ்போர்ட் போட்டோவில் நான் கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். ஸ்டுடியோக்காரர் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நேரில் இன்னும் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், பார்த்து மலைத்துப்போகாதீர்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போடுங்கள். திருவனந்தபுரம் வரை தம்பி சேதுபதி கூட வருவான். கிறிஸ்துமஸுக்கு உங்களோடு கோவிலுக்குப் போவேன் என்று நினைத்தாலே எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதில் உறுத்துகிறது. வெயில் தாங்காமல் மீசையை எடுத்துவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் போன பிறகு பிறந்தவள் எஸ்தர். நம் கல்யாண போட்டோவைக் காட்டித்தான் அப்பா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் அந்த மீசையைத் தொட்டு முத்தம் கொடுப்பாள். இன்று தபால்காரரின் மீசையைப் பார்த்து அவரையும் அப்பா என்றாள். அவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஊர் ஏர்போர்ட்டில் ஆபீசர் என் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார். என்னிடம் முத்திரை போட்ட புத்தகம் இருக்கிறது. வெளியே வந்ததும் உங்கள் மகள் உங்களைப் பார்ப்பாள், அத்தான். அவளிடம் இருப்பது அந்த ஒரு போட்டோதான்.

கர்த்தர் உங்களைக் கண்மணி போல் காப்பாராக. இதற்குப் பதில் எழுத வேண்டாம். கடிதம் கைக்குக் கிடைத்த அன்றிலிருந்து மீசையை வளர்த்தால் போதும்.

உங்கள்
பரிபூரணம்