தலைவலி இல்லை என்று சொன்னவளுக்கு

இன்று காலை மருமகள் தைல டப்பாவைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். வீடு முழுக்க அந்த வாடை. அவளுக்கு நிஜமாகவே தலைவலி. நானோ சிரித்துவிட்டேன். "எனக்கு மண்டை வெடிக்குது, உங்களுக்குச் சிரிப்பு வருதா அத்தே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் ஏன் சிரித்தேன் என்பது உனக்குத்தான் தெரியும். அறுபதுகளின் நடுவில், பர்மாத் தலைநகரின் கியாக்டடாப் பகுதியில் நாம் இருவரும் டைப்பிஸ்டாக இருந்த அந்தத் தூதரகத்தில் ஒரு வாரம் முழுக்க இதே வாடைதான். எந்த நாட்டுத் தூதரகம் என்று எழுதப்போவதில்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தோம். நீ அதையெல்லாம் நிஜமாகவே மதிக்கிறவள்.

முதலில் நோய் வந்தது இரண்டாம் செயலாளருக்கு. உயரமான, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். மதியமானால் தலை வலிக்கிறது, சுற்றுகிறது, காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது என்றார். டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதை விசாரிக்க அவர்கள் நாட்டிலிருந்தே ஓர் அதிகாரி விமானம் ஏறி வந்தார். சுவரில் நகர வரைபடத்தை மாட்டி, கதிர் எட்டுகிற இடத்துக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தார்.

பாவம், நம் ஊர்ப் பழக்கம் அவருக்குத் தெரியாது. பர்மியர்கள் 'ஆனாடே' என்பார்களே, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி ஒருவர் மனத்தை நோகடிக்கக் கூசுவது. அவர்களோடு இருந்து இருந்து நமக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உங்களுக்கும் தலை வலிக்கிறதா?" என்று கவலையோடு கேட்டார். கடல் கடந்து வந்த மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? டெலிபோன் பார்த்த டோ மியா கொஞ்சம் வலிக்கிறது என்றார். வாசலில் காரருகே போய்க் கேட்டபோது டிரைவர் ஊ டின் ரொம்பவே வலிக்கிறது என்றார். நானும் ஆமாம் என்றேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஆளுக்கொரு தைல டப்பா வாங்கிப் பூசிக்கொண்டோம்.

இத்தனைக்கும் ஊ டின் கட்டடத்துக்குள்ளேயே வரமாட்டார், காரிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் வீடு ஆற்றுக்கு அப்பால், தன்லியினில். வீட்டிலும் வலிக்கிறதா என்று அதிகாரி கேட்டபோது, அதற்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் வரைபடத்தில் வட்டம் ஆற்றைத் தாண்டிவிட்டது.

நீ ஒருத்திதான் இல்லை என்றாய்.

"ஏண்டி, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன?" என்று கேட்டேன்.

"வலிக்கலையே. வலிக்காததை எப்படி வலிக்குதுன்னு சொல்றது?"

அதுதான் வினையாகிவிட்டது. உன் மேசை இரண்டாம் செயலாளர் அறைக்குப் பத்தடி தூரத்தில். தன்லியின் வரை எல்லோருக்கும் வலிக்கும்போது பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு ஏன் வலிக்கவில்லை? கதிர் வரும் நேரம் இவளுக்கு முன்பே தெரியுமோ? தினமும் மூன்று மணிக்கு நீ எழுந்து வராந்தாவுக்குப் போவதையும் அதிகாரி கண்டுபிடித்து எழுதிவைத்தார். நீ போனது உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்ன. பாதியை எனக்கும் கொண்டுவந்து தருவாய்.

வெள்ளிக்கிழமை உன் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு, திங்களிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அப்பா கணக்கெழுதிய கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. உன் சம்பளத்தில்தான் ஐந்து பேர் சாப்பிட்டீர்கள். அது போனால் மெட்ராஸ் கப்பல்தான், நீ கண்ணால் பார்த்தேயிராத ஊருக்கு. நீ அழவில்லை. டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டுப் பையை எடுத்தாய். அழுதது நான்தான்.

அழுத முகத்தோடு அதிகாரி அறைக்குள் போனேன். "எனக்குத் தலைவலி இல்லை. நான் சொன்னது பொய்" என்றேன்.

"பிறகு ஏன் ஆமாம் என்றீர்கள்?"

"நீங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கேட்டீர்கள்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் டோ மியா வந்து நின்றார். அவருக்குப் பின்னால், அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறையாக ஊ டின். ஒவ்வொருவரும் தலைகுனிந்து உண்மையைச் சொல்லச் சொல்ல, அதிகாரி ரப்பரை எடுத்து வட்டங்களை அழித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கே உன் அட்டை உன் கைக்குத் திரும்பிவிட்டது.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதிகாரியும் ஒருவழியாகச் சிரித்துவிட்டு, அப்படியானால் இரண்டாம் செயலாளருடையதும் வெறும் கற்பனைதான் என்று எழுதப் போனார். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. நேரே அவர் முன்னால் போய் நின்றாய். "எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னேன். அவருக்கு வலிக்கிறது என்றும் நானே சொல்கிறேன். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கடிதம் சொல்லும்போது பாதியில் வார்த்தை மறந்து நிற்கிறார்" என்றாய். அந்தக் கட்டடத்தில் அதிகாரி நம்பக்கூடிய வாய் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அந்த மாதமே இரண்டாம் செயலாளரைச் சிகிச்சைக்கு ஊருக்கு அனுப்பினார்கள். கதிரா, நோயா, நம் ஊர் வெயிலா, கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில் உன்னிடம் வலி இருக்கிறதா என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். "இருக்கு" என்றாய். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, வயதானவர்களின் பயமாக இருக்கும் என்று அவர் உன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்தேன். "டாக்டர், வேலையே போனபோதும் வலிக்காததை வலிக்கிறது என்று சொல்லாதவள் இவள். இவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஊசி எழுதிக்கொடுத்தார்.

"நல்லா வாய் பேசக் கத்துக்கிட்டேடி" என்றாய். ஊசி போட்டதும் மதியம் முழுக்கத் தூங்கினாய்.

உன்னால் எனக்கு ஆனாடே அடியோடு போய்விட்டது. மாதா கோவிலில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், முழங்காலில் தொடங்கி முதுகு வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் பாதிரியார்கூடத் தூரத்திலேயே கையசைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எப்படி இருக்கே என்று நீ கேட்டால், வலிக்குதுடி. இதை உன் முகத்துக்காகச் சொல்லவில்லை.