கலங்கரை மங்கையின் இரண்டு பக்கங்கள்

1943 பிப்ரவரி 9, செவ்வாய்

எங்கள் சித்திரக்கதைப் பத்திரிகையின் ஏப்ரல் இதழ் அச்சகத்திலிருந்து வந்தது. ஆறு பக்கம் கலங்கரை மங்கை. நான்காம் பக்கத்தில் அவளைக் கட்டிப் போடுகிறார்கள், ஆறாம் பக்கத்தில் கேப்டன் கருங்கல் வந்து அவிழ்த்துவிடுகிறார். எழுதி வரைவது வின்னி லகானா. பதினான்கு இதழில் இருபத்து மூன்று முறை கட்டியாயிற்று. உள்ளங்கையிலிருந்து ஒளி பாய்ச்சி நீர்மூழ்கிக் கப்பலையே உருக்கத் தெரிந்தவள். கயிற்றைக் கண்டால் மட்டும் அவளுக்கு எல்லாம் மறந்துபோகும்.

இதழின் நடுவில், படமே இல்லாமல், என் இரண்டு பக்கம். அதுவும் அவள் கதைதான். வெறும் எழுத்தாக இரண்டு பக்கமாவது இருந்தால்தான் தபால் துறை பத்திரிகைச் சலுகைக் கட்டணத்தில் அனுப்பும். குழந்தைகள் அதைப் படிப்பதில்லை. எங்கள் இதழாசிரியர் ஹைமி ஸ்டோல்பர்க்கும் படிப்பதில்லை. கிரேக்கம் படித்து, பழைய பானைச் சித்திரங்களில் ஈட்டி பிடித்த பெண்களை ஆராய்ந்தவன், நாற்பத்தேழு வயதில் தபால் துறைக்குக் கதை எழுதுகிறேன். அந்த ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தைப் பேராசிரியர் விட்லாக் தன் பெயரில் வெளியிட்டார். அடிக்குறிப்பில் ‘உழைப்பாளியான ஒரு மாணவருக்கு நன்றி.’ பத்தொன்பது வருடம். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

இன்று இன்னொன்று. நான் எழுதியது: ‘அவள் மயங்கிச் சரிந்தாள்.’ அச்சாகியிருப்பது: ‘அவள் கயிற்றைப் பல்லால் கடிக்கத் தொடங்கினாள்.’ அதற்குப் பிறகு ஒன்றரைப் பத்தி நான் எழுதியதே இல்லை. கேப்டன் வந்து சேரும்போது அவள் செருப்பை உதறிவிட்டு எதிரியின் மோட்டார் படகில் பாதித் தூரம் போயிருக்கிறாள்.

என் எழுத்தில் யார் கை வைத்தது?

பிப்ரவரி 10

டெஸ்ஸி லிவாக். என் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்பும் பெண். இருபத்தாறு வயது இருக்கும். மறுக்கவே இல்லை.

“பத்தொன்பதாவது தடவ மயக்கம் போட்டா, மிஸ்டர் நஸ்பாம். டைப் அடிச்ச எனக்கே தலை சுத்துச்சு.”

ஹைமியிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

“சொல்லுங்க. ஆனா கோபப்படறதுக்கு முன்னாடி அவர் அதைப் படிக்கணுமே.”

பிப்ரவரி 12

ஹைமியிடம் சொல்லவில்லை. அவள் எழுதிய ஒன்றரைப் பத்தியை மூன்று முறை படித்தேன். நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 26

மூன்றாவது முறையாக அவளோடு மதியச் சாப்பாடு. நான் பொறியை அமைக்கிறேன். பூட்டிய அறை, உயரும் தண்ணீர், காவலுக்கு இருவர். அவள் ரொட்டியை மென்றபடி மங்கையை வெளியே கொண்டுவருகிறாள். அவளைக் கட்டிப் போடுவது பெரிய குற்றமில்லை, மிஸ்டர் நஸ்பாம், அவிழ்ப்பது யார் என்பதுதான் கேள்வி என்றாள். கிரேக்கப் பானைகளில் கீழே விழுந்த பெண்கூட ஈட்டியை விடுவதில்லை என்று சொன்னேன். “இதை ஏன் இத்தன நாள் உள்ளயே வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள். பத்து வருடத்தில் யாரும் என் பானைகளைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

அடிக்குறிப்புக் கதையையும் சொன்னேன். மீண்டும்.

மார்ச் 18, வியாழன்

கடிதங்கள்! என் இரண்டு பக்கத்துக்கு! பதினோரு கடிதம். மூன்று வருடத்தில் எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. எல்லாம் ‘அன்புள்ள அம்மணி’ என்று தொடங்குகின்றன. ஸ்கிரான்டனிலிருந்து ஒரு சிறுமி துணி காயப்போடும் கயிற்றைப் பல்லால் கடித்துப் பார்த்தாளாம். நாற்பது நிமிடம் ஆயிற்று, ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று போயிற்று, ஆனால் கயிறு அறுந்தது. பல்லை உறையில் வைத்து அனுப்பியிருக்கிறாள்.

டெஸ்ஸி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு வின்னி அறையிலிருந்து எட்டிப்பார்த்தான்.

மார்ச் 24

இன்றோடு அறுபத்து நான்கு கடிதம். ஹைமி கூப்பிட்டார். போர்க்காலக் காகிதப் பங்கீட்டில் இதழ் எட்டுப் பக்கம் குறைகிறது. மங்கையைத் தூக்கிவிடுவதாக முடிவு செய்திருந்தாராம், கேப்டன் மட்டும் போதுமென்று. இப்போது மேஜை நிறையக் கடிதம். என் பக்கத்தை முதல் முறையாக விரித்து வைத்திருந்தார். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘ப்ரொஃபஸர்’.

“ப்ரொஃபஸர், இந்தப் பல்லால கடிக்கற சங்கதியெல்லாம் யாரு எழுதினது?”

“நான்தான்.”

அப்படித்தான் சொன்னேன். யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன், அரை நொடி போதுமாக இருந்தது.

இனி படப்பக்கம் ஆறையும் நான் எழுத வேண்டுமாம். வின்னி வரைவான். ஆகஸ்ட் இதழ் விற்றால் மங்கை பிழைப்பாள், இல்லையென்றால் அவ்வளவுதான். முதல் பக்கத்தில் என் பெயர். ஏ. நஸ்பாம். வாழ்க்கையில் முதல் தடவை அச்சில் என் பெயர்!

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மார்ச் 30

நான்காம் பக்கம் வரை பிரமாதமாகப் போகிறது. நான்காம் பக்கத்தில் அவள் மயங்கி விழுகிறாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடி விழுகிறாள். என் பேனா வேறு வழி அறியாது.

போதாததற்கு வின்னி. மங்கை தலைக்கு மேல் இரும்புத் தூணைத் தூக்குகிறாள் என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரிகைகளிலிருந்து வெட்டிச் சேர்த்த படங்கள் நிறைந்த தன் இழுப்பறையைத் திறந்து காட்டினான். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். படுத்திருக்கிற பெண், விழுகிற பெண், வாயைப் பொத்திக்கொள்கிற பெண், கட்டுண்ட பெண்.

“காலை ஊணி நிக்கற பொம்பளை ஒண்ணுகூட என்கிட்ட இல்ல, ப்ரொஃபஸர். நான் எதைப் பாத்து வரையறது?”

ஏப்ரல் 1

டெஸ்ஸியிடம் போய் நின்றேன். நான்காம் பக்கத்தில் உதவி வேண்டும் என்றேன்.

தட்டச்சிலிருந்து தலை நிமிரவில்லை. “நீங்க ‘நான்தான்’னு சொன்னது எனக்குக் கேட்டுது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“அந்த அடிக்குறிப்புக் கதைய என்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பீங்க, மிஸ்டர் நஸ்பாம்? எனக்கு ஒரு அடிக்குறிப்பாவது உண்டா?”

என்ன திமிர் இவளுக்கு. நேத்து வந்தவ. பொறி யாரு யோசிச்சது? பானையப் பத்தி யாரு சொன்னது? பாதி என்னுதுதானே — பாதின்னா பாதின்னு ஹைமிகிட்ட சொல்லியிருக்கலாமே, நான் ஏன் சொல்லல? வாய் இல்லையா? இருந்துது. திறந்துதான் இருந்துது.

ஏப்ரல் 5

ஆக்ரனிலிருந்து ஒரு கடிதம், எட்டு வயதுப் பெண், பென்சிலில். ‘அன்புள்ள அம்மணி, படத்தில் இருக்கும் கலங்கரை மங்கையும் எழுத்தில் இருக்கும் கலங்கரை மங்கையும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால், படத்துக்கு வந்ததும் அவளுக்கு ஏன் ஒன்றும் தெரியாமல் போகிறது? யாராவது அவளிடம் சொல்லுங்கள்.’

அந்த அம்மணி நான் இல்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

எழுதியது டெஸ்ஸி என்று ஹைமியிடம் சொன்னேன். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதின்மூன்று நாள் தூக்கிக்கொண்டு அலைந்தது.

அவருக்கு அதிர்ச்சியே இல்லை. சரி, அவளே எழுதட்டும், பெயர் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும் என்றார். சூப்பர் ஹீரோ கதையில் பெண் பெயரைப் பார்த்தால் பையன்கள் தொடமாட்டார்களாம். முடியாது என்றேன். அவள் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போடலாமா என்றார். அதுவும் முடியாது என்றேன். எனக்கு எழுதியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அம்மணி என்றுதான் எழுதுகிறார்கள், அவர்களிடம் பொய் சொல்லப்போகிறீர்களா என்று கடிதக் கட்டை அவர் மேஜையில் வைத்தேன். நான் இவ்வளவு உரக்கப் பேசி நானே கேட்டதில்லை.

“அப்ப உனக்கு அந்த ரெண்டு பக்கம்தான் மிஞ்சும். அதுவும் மங்கை கிடையாது, கேப்டன் கதை. தெரிஞ்சுதான பேசற?”

தெரிந்துதான்.

வெளியே வந்து டெஸ்ஸியிடம், ஆறு பக்கமும் உங்களுடையது, முதல் பக்கத்தில் உங்கள் முழுப்பெயர் என்றேன். ஏன் என்று கேட்டாள். மங்கை மயங்கி விழுந்துகொண்டே இருக்கிறாள், என்னால் முடியவில்லை என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன்; வந்தது அதுதான். அவள் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க. பொறியச் சொல்லுங்க” என்றாள்.

ஏப்ரல் 9

இன்று மதியம் அலுவலகமே வேலையை விட்டு நின்றது. வின்னி பார்த்து வரைவதற்காக டெஸ்ஸியின் அக்கா லீனா வந்தாள்; புரூக்ளின் கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை, தோல் அங்கியும் கனத்த பூட்ஸுமாக. மேஜையின் ஒரு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். வின்னி வரைந்தான், கிழித்தான், மறுபடி வரைந்தான்.

“கொஞ்சம் சிரிங்க, மிஸ்,” என்றான்.

“இதைத் தூக்கிட்டு நீ சிரிடா, பாக்கலாம்.”

அந்த முகத்தை அப்படியே வரைந்தான். இரண்டு மணி நேரத்தில் இருபது படம். இழுப்பறையில் மேலாக வைத்தான். நான் ஆய்வு செய்த காலத்தில்கூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

மே 3

வின்னி முடித்த பக்கங்கள் அச்சகம் போயின. முதல் பக்கத்தின் தலைப்புப் பட்டையில்: எழுத்து, டெஸ்ஸி லிவாக். படம், வின்னி லகானா. நான் ஒன்பது பொறி சொன்னேன், இரண்டை எடுத்துக்கொண்டாள். மற்ற ஏழும் மோசமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். விட்லாக்கை இன்னும் மன்னிக்கவில்லை, அவளுடைய ‘எனக்கு ஒரு அடிக்குறிப்பாவது உண்டா’வையும் முழுக்க மறக்கவில்லை.

ஜூலை 20, செவ்வாய்

ஆகஸ்ட் இதழ் கடைக்கு வந்து பன்னிரண்டு நாள். விற்பனை பற்றி ஹைமி வாயைத் திறப்பதில்லை. மங்கை கதையை இன்னும் நான்கு இதழுக்கு எழுதும்படி மட்டும் காலையில் டெஸ்ஸியிடம் சொன்னாராம்.

வீட்டுக்கு வரும்போது பாதாள ரயிலில் எதிர் இருக்கையில் இரண்டு சிறுமிகள், ஒரே இதழ், இரண்டு தலை. பக்கம் திருப்புவதில் சண்டை. நான்காம் பக்கத்துக்கு வந்ததும் சின்னவள் கையை வைத்து மறைத்தாள்.

“இப்ப அந்தக் கல்லு மாமா வருவாரு. எனக்குத் தெரியும்.”

“வரமாட்டாரு.”

“எப்பவும் வருவாரே.”

“கையை எடுடி, பாக்கலாம்.”

எடுத்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. அவர்கள் இன்னும் ஐந்தாம் பக்கத்தில் இருந்தார்கள். ஆறாம் பக்கம் முடிந்ததும் பெரியவள் முதல் பக்கத்துக்குத் திரும்பி, பட்டையில் விரல் வைத்து, டெஸ்-ஸி என்று எழுத்துக்கூட்டினாள். பொம்பளைதான் எழுதியிருக்கா என்றாள் சின்னவளிடம், அது எல்லாவற்றையும் விளக்கிவிடுவதைப் போல. பிறகு நடுப்பக்கம் வந்தது. கேப்டன் கருங்கல், இரண்டு பக்கம், வெறும் எழுத்து. பார்க்காமலே தாண்டிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பொய். கொஞ்சம் தோன்றியது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு பொறி தோன்றியது. நாளை டெஸ்ஸியிடம் சொல்ல வேண்டும்.