ஏழாம் கிணற்றின் ஆகஸ்டு அளவு

ஆம்பூர்,
22.08.2025, வெள்ளி

அன்புள்ள கோதண்டம்,

பரணிதரன் எழுதுவது. நோக்கம்: உன்னிடம் ஓர் உதவி கேட்பது. முதல் வரியிலேயே பெயரையும் நோக்கத்தையும் சொல்லிவிடும் என் வழக்கத்தைக் கல்லூரி விடுதியில் நீ கேலி செய்வாய். ஐம்பது வயதிலும் அது மாறவில்லை.

இக்கடிதத்தோடு ரத்தினசாமி உன்னிடம் ஒரு நோட்டும் மூன்று பாட்டில் தண்ணீரும் தருவார். எங்கள் ஆய்வக உதவியாளரான அவர் தினமும் பேரணாம்பட்டிலிருந்து பேருந்தில் வந்து போவதால், நம் இருவருக்கும் அவரே தபால்காரர் ஆகிவிட்டார்.

நோட்டு எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தினுடையது. பிளஸ் ஒன் மாணவி மேகலாவின் தலைமையில் ஐந்து பிள்ளைகள் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைதோறும், பாலாற்றங்கரைத் தெருக்களில் பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளின் உப்பு அளவை எடுத்தார்கள். மொத்தம் முப்பத்தாறு அளவுகள். மேகலாவின் தாயார் அம்பிகா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. ஆகவே வீட்டுச் சமையலை முடித்துவிட்டுத்தான் இந்தப் பெண் வெயிலில் கிணறு கிணறாக நடந்தாள். நவம்பர் 14 அன்று வேலூரில் நடக்கும் மன்றக் கண்காட்சியில் இதை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே முதலிடம் பெறும் குழு சென்னைக்குப் போகும்.

எங்கள் பள்ளியின் அளவுமானி பழையது. உன் தோல் டேனரி ஆய்வகத்தில் இந்த மூன்று பாட்டில்களையும் அளந்து, நோட்டில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, பிள்ளைகளின் எண்களை நம்பலாமா என்று சொல்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்காட்சிக்கு முன் மன்றத்தின் நோட்டு பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பதினான்கு பள்ளிகள் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பின் ஒன்பதாம் விதி. அதன் செயலர் என்ற முறையில் விதிகளை எழுதியவன் நானே. ஆசிரியப் பணியில் முதன்முறையாக ஒரு விதியை வளைக்கிறேன். அதுவும் நீ என்பதால். கல்லூரியில் மூன்றாண்டும் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவன் நீ. ஒரு பக்கம்கூடக் கசங்காமல் திருப்பித் தந்தவனும் நீயே.

திங்களன்று நோட்டு திரும்பி வர வேண்டும். உன் வீட்டில் சௌந்தரத்துக்கும் மகள் பூர்ணிமாவுக்கும் என் அன்பு.

அன்புடன்,
பரணிதரன்


பேரணாம்பட்டு,
25.08.2025

அன்பு பரணி,

நோட்டு பத்திரமாகத் திரும்புகிறது. பாட்டில்களைப் பார்த்துவிட்டேன். உன் பள்ளி மானி இருபது முப்பது ஜாஸ்தி காட்டுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறாள்; உன் பழக்கம்தானே?

இங்கே வீட்டிலும் மன்றம்தான் பேச்சு. வேலூரில் பூர்ணிமா படிக்கிற பள்ளியில் போன வருஷம் அவளை அறிவியல் குழுவில் சேர்க்கவில்லை. அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. "எல்லார் அப்பாவும் ஹெல்ப் பண்றாங்க, நீ இன்னா பண்ற?" என்கிறாள். ஒரே பேஜார்.

ஆற்காடு போன இடத்தில் மக்கன் பேடா வாங்கினேன். ஒரு டப்பா உன் பிள்ளைகளுக்கு. ஆமாம், நீங்கள் இன்னும் தலைப்பைப் பதிவு செய்யவில்லையா? கடைசி நாள் எப்போது?

உன்,
கோதண்டம்


ஆம்பூர்,
15.09.2025

அன்புள்ள கோதண்டம்,

பரணிதரன் எழுதுவது. நோக்கம்: நன்றி சொல்வதும், ஒரு பிழையைத் தெரிவிப்பதும். மக்கன் பேடா ஐந்து நிமிடம் தாங்கவில்லை. குழுவிலுள்ள தௌசீப் அகமது, "அங்கிள் மாசாமாசம் செக் பண்ணட்டும் சார்" என்று சிபாரிசு செய்கிறான்.

பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. எண்களை முழுவதும் சரிபார்க்காமல் நான் பதிவு செய்வதில்லை. அந்தக் காத்திருப்பு இம்முறை பயன் தந்தது. ஏழாம் கிணறு ஜஹீருன்னிசா அம்மையாரின் வீட்டில் இருக்கிறது. அங்கே உப்பு ஜூனில் லிட்டருக்கு 1880 மில்லிகிராம், ஜூலையில் 1920. ஆகஸ்டில் வெறும் 310. மேகலாவுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று முன்தினம் நன்றி சொல்ல வீடு வீடாகப் போனபோது அவள் அந்த அம்மையாரிடமே கேட்டுவிட்டாள். பதில் இது:

"அன்னிக்கி மாடி காங்கிரீட்டும்மா. உப்புத் தண்ணில போட்டா நிக்காதுன்னு மேஸ்திரி சொல்ட்டாரு. கெணறும் வத்திப் போச்சு. மூணு லாரி தண்ணி வாங்கிக் கெணத்துல ஊத்திட்டோம். நீங்க வந்து மொண்டீங்க, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னா தண்ணின்னு நீங்க கேக்கவே இல்லியே?"

பிள்ளைகள் லாரித் தண்ணீரை அளந்துவிட்டு வந்திருக்கிறார்கள். எண்ணை அழிக்க வேண்டாம் என்றேன். சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, அடுத்த பக்கத்தில் காரணத்தை எழுதி, ஜஹீருன்னிசா அம்மையாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இவ்வாரம் பதிவு செய்வோம். உன்னிடமிருந்த பக்கத்தில் இந்தத் திருத்தம் இல்லை என்பதால் தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
பரணிதரன்


பேரணாம்பட்டு,
29.09.2025

அன்பு பரணி,

கடிதம் கிடைத்தது. கம்பெனியில் வெளிநாட்டு பையர் ஆடிட். உட்கார நேரமில்லை. முப்பத்தாறில் ஒரு எண் தவறினால் உலகம் முழுகிப் போகாது, நீதான் பெரிதாக எடுத்துக்கொள்கிறாய். கண்காட்சிக்கு வர முடியுமா தெரியவில்லை.

கோதண்டம்


ஆம்பூர்,
15.11.2025, சனி

கோதண்டம்,

பரணிதரன் எழுதுவது. நோக்கம்: ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்பதற்கு முன், நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ பாதியில் தேநீர் குடிக்கப் போய்விட்டதால் எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டாய்.

காலை பதினொரு மணிக்கு நடுவர்கள் மேகலாவையும் தௌசீப்பையும் அழைத்தார்கள். வேலூர்ப் பள்ளி ஒன்றின் குழு பேரணாம்பட்டுக் கிணறுகள் என்று ஓர் ஆய்வு வைத்திருப்பதாகவும், முப்பத்தாறு எண்களில் முப்பத்தைந்து அச்சு அசலாக எங்களுடையவை என்றும் சொன்னார்கள். "யார் சார்ட்டப் பாத்து எழுதினீங்க?" என்று கேட்டார் ஒருவர். "நாங்க அளந்து எழுதுனது சார்" என்றாள் மேகலா. "அவங்க செப்டம்பர் ஒண்ணாந்தேதியே பதிஞ்சிட்டாங்க. நீங்க பத்தொம்போது. அப்ப யாரு யாரப் பாத்து எழுதியிருப்பாங்க?" மேகலா என்னைப் பார்த்தாள்.

நடுவர் விதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, நான்காம் விதியை வாசிக்கச் சொன்னார். ஒரே ஆய்வு இரு பள்ளிகளிலிருந்து வந்தால் முதலில் பதிந்ததே நிற்கும். பின்னது நகலாகக் கொள்ளப்பட்டு, அக்குழுவினர் ஈராண்டு விலக்கப்படுவர். நான் எழுதிய வாக்கியம். அதை என் மாணவிக்கு எதிரே நின்று, சத்தமாக நானே வாசித்தேன். ஈராண்டு என்றால் அவளுக்குப் பள்ளி வாழ்வே முடிந்துவிடும்.

பிறகு அந்த வேலூர்க் குழுவின் மேசைக்குப் போனேன். பூர்ணிமா நின்றிருந்தாள். அவளைப் படம் எடுத்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். நம் கண்கள் சந்தித்தன. நீ போய்விட்டாய். "வாங்க பெரியப்பா" என்று அவள்தான் சார்ட்டைக் காட்டி விளக்கினாள். ஏழாம் கிணறு, ஆகஸ்டு, 310. அதன் கீழே பச்சை மையில்: "ஆகஸ்டு மழையால் ஊற்று நீர் தூய்மை அடைந்தது."

திரும்பி வரும் பேருந்தில் மேகலா ஒன்றுதான் கேட்டாள்: "சார், நம்ம நோட்ட வெளியில யார்னா பாத்தாங்களா?" பள்ளிகொண்டா தாண்டும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

என் கேள்வி இது. கோடு போடாத அந்த 310 உன் வீட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை. வேறு எந்த வழியிலாவது அது அந்தச் சார்ட்டுக்குப் போயிருக்க முடியுமா? முடியும் என்று நீ சொன்னால் நம்புவதற்குத் தயாராக இருக்கிறேன்.

பரணிதரன்


பேரணாம்பட்டு,
19.11.2025

பரணி,

வேறு வழி இல்லை. நான்தான்.

நோட்டு இங்கே இருந்த ஞாயிற்றுக்கிழமை பூர்ணிமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ கம்பெனில இன்னாப்பா பண்ற?" என்று கேட்டாள். பதினாறு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. வேலையிலிருந்து வந்தால் முதலில் குளி என்பாள், அவ்வளவுதான். தண்ணீரில் உப்பு பார்ப்பதைச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "உங்கிட்ட ரீடிங்ஸ் இருக்காப்பா? இருந்தா இந்தத் தடவ டீம்ல சேத்துப்பாங்க" என்றாள். இருக்கு என்று வாயில் வந்துவிட்டது. கையில் இருந்தது உன் நோட்டு. நம்ம ஊர்க் கிணறுகளில் நான் எடுத்தது என்று சொல்லி, எண்களைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

உன் செப்டம்பர் கடிதம் வந்தபோது அவர்கள் சார்ட்டு போட்டு முடித்திருந்தார்கள். 310ஐ மாற்று என்றால் ஏன் என்று கேட்பாள். மழைதான் காரணமாப்பா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் செய்தது தப்பு. ஆனால் பரணி, விட்டுவிடு. கோப்பையை அவள் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். உன் மாணவிக்கு அடுத்த வருஷம் நானே நல்ல புராஜெக்ட் எடுத்துத் தருகிறேன். விலக்கை நீ செயலர் என்ற முறையில் பேசிச் சரிக்கட்டிவிடலாம்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள். நோட்டை வெளியே அனுப்பியது நீ. ஒன்பதாம் விதியை எழுதியதும் நீ. மேல்முறையீடு என்று போனால் முதலில் உருளுவது உன் தலை. இருபத்தைந்து வருஷம் சேர்த்த பெயர். இரண்டு பேரும் எதற்குக் கெடணும்?

கோதண்டம்


ஆம்பூர்,
21.11.2025, வெள்ளி

திரு. கோதண்டராமன் அவர்களுக்கு,

முதுகலை வேதியியல் ஆசிரியரும் பள்ளி மன்றங்களின் கூட்டமைப்புச் செயலருமான பரணிதரன் எழுதுவது. நோக்கம்: நான் செய்யவிருப்பதை உங்களுக்கு முன்னரே தெரிவிப்பது.

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். மகள் அருகில் வந்து உட்கார்ந்தாள் என்ற இடத்தில் எனக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. கடைசிப் பத்தியில்தான் நம் நட்பு எனக்கு முடிந்தது. உங்களுக்காக, உங்கள் ஒருவருக்காக மட்டும், நான் வளைத்த விதியை எடுத்து என்னையே வாய் மூடச் சொல்கிறீர்கள். எண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தடுமாற்றத்தில் எடுத்தீர்கள். இந்தப் பத்தியை நான்கு நாள் யோசித்து எழுதியிருக்கிறீர்கள்.

கல்லூரி நாட்களையும் நினைத்துப் பார்த்தேன். என் ரெக்கார்டைப் பார்த்து நீங்கள் எழுதியபோது, அந்தப் பரிசோதனைகளை ஒரே மேசையில் நாம் இருவரும் சேர்ந்து செய்திருந்தோம். இந்தப் பன்னிரண்டு கிணறுகளுக்கு நீங்கள் நடக்கவில்லை.

ஒன்பதாம் விதியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் மீறினேன். மீறும் ஆசிரியர் எல்லா மன்றப் பொறுப்புகளிலிருந்தும் நீங்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. மாணவர்களுக்குத் தண்டனை என்று அதில் ஏதும் இல்லை. நல்ல வேளையாக நான் அப்படி எழுதவில்லை. முறையீட்டுக்குப் பத்து நாள் அவகாசம் திங்கட்கிழமையோடு முடிகிறது.

பூர்ணிமாவைப் பற்றி: எண்கள் அவளுடைய தகப்பனாரிடமிருந்து வந்தவை, அவள் அறியாள் என்றே என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். அவளை விலக்க வேண்டாம் என்று கேட்டும் இருக்கிறேன். உங்கள் கடிதங்களை நான் யாரிடமும் தரப்போவதில்லை. கோடு போட்ட பக்கமும், அடுத்த பக்கத்தில் ஜஹீருன்னிசா அம்மையாரின் கையெழுத்தும் போதும். இக்கடிதம் இன்று மாலையே ரத்தினசாமி வழியாக உங்கள் கைக்கு வரும். உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது. அந்தப் பெண் இதைப் பிறர் வாயிலாகக் கேட்க வேண்டாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி ரத்தினசாமியிடம் எனக்காக எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலூர் சென்று நோட்டையும், என் வாக்குமூலத்தையும், செயலர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தையும் நடுவர் குழுவிடம் ஒப்படைப்பேன். அதற்கு முன், நாளை சனிக்கிழமை, மன்றக் கூட்டம் இருக்கிறது. பேருந்தில் மேகலா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ஐந்து பிள்ளைகளின் முன்னும் எழுந்து நின்று, நோட்டு வெளியே போனது, கொடுத்தவன் நான் என்று அவளுக்குப் பதில் சொல்வேன்.

இங்ஙனம்,
பரணிதரன்