மாமா சம்மதித்த விதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பெங்களூருக்கு பஸ் ஏறியதிலிருந்து என் தம்பியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். "அந்தப் பிராங்க்ளினைக் கட்டுனா தாய்மாமன் மாலை இந்த வாசப்படி ஏறாது" என்று வத்தலக்குண்டிலிருந்து கத்திக்கொண்டு வந்த மனுஷன் அவன்.

நீ வாதாடவே இல்லை. "ஊர்ல யாரு கேலி பண்ணிருவாங்கன்னு பயமா இருக்கு மாமா?" என்று கேட்டுவிட்டு, காபி டம்ளரைப் பார்த்தபடி சும்மா இருந்தாய். அவனே பேசினான், அவனே அழுதான். "மாலை நான்தேன் போடுவேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சைக்காலஜி படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நீ படித்த காலமெல்லாம் கேட்டேன். இப்போது தெரிகிறது. நான் படித்த கெமிஸ்ட்ரியில் இப்படியொரு பாடம் இல்லை.

அடுப்படியில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் என்னிடமும் இப்படித்தான் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாய். நானும் பேசினேன், கடைசியில் சரி என்றேன். அந்தச் சம்மதம் நான் கொடுத்ததா, நீ வாங்கியதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிராங்க்ளினைச் சாப்பிட அனுப்பு. அவன் படித்தது சிவில்தானே? நானே பேசிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வர வேண்டாம்.

அம்மா